சுவிட்சை அணைத்துவிட்டுப் பேசுபவர்

பேட்டரி வைத்தியர் என்றொரு இனம் உண்டு. பட்டம் வேண்டாம், பயிற்சி வேண்டாம். ஒரு சார்ஜரும் ஓயாத தொண்டையும் போதும். தெருக்கோடியில் ஒரு கார் ‘கிர்ர்... கிர்’ என்று முனகி அடங்கினால், பாதி முகத்தில் சவர நுரையோடு வந்து நிற்பவர் அவர்தான்.

நம் வைத்தியருக்கு அந்தப் பாக்கியம் சொந்த ஷெட்டிலேயே வாய்த்தது. அன்று பதினொரு மணிக்கு மச்சினிக்கு ஓட்டுநர் உரிமத் தேர்வு. வீட்டுக் காரில்தான் ஓட்டிக் காட்ட வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. மூன்றாவதும் போனால் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். காரோ எட்டு மணிக்கே கண்ணை மூடிவிட்டது.

அவர் முகத்தில்தான் எத்தனை பிரகாசம்! கண்ணுக்கு நீச்சல் கண்ணாடி, கைக்குப் பாத்திரம் தேய்க்கும் ரப்பர் உறை. சார்ஜ் ஏறும்போது பேட்டரி கக்கும் வாயு வெளியேற ஷெட் கதவை அகலத் திறந்தார். எதிர்ச்சாரியில் சிகரெட் பிடித்தவரை அடுத்த தெருவுக்கே விரட்டினார். முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் படிவைத் தேய்த்தெடுத்து, சிவப்புக் கிளிப்பைப் பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் கவ்வவிட்டு, அதற்குப் பிறகே சுவிட்சைப் போட்டார். ஒரு குறை சொல்ல முடியுமா?

முடியும். மின்சாரம் ஓடும்போது கிளிப்பைத் தொடக் கூடாது. தொட்டுக் காட்டாமல் அவருக்குப் பேச வராது. ஆகவே ஆள் வந்தால் சுவிட்ச் அணையும்.

“என்ன சார், வண்டி மக்கரா?” என்றார் தபால்காரர்.

சுவிட்ச் அணைந்தது. “இப்படி வாங்க. இந்தச் சிவப்பு இருக்கே...”

இருபத்தைந்து நிமிடம். அடுத்து மாடிவீட்டுத் தையல்காரர். சுவிட்ச் அணைந்தது. அவருக்கு அரை மணி. பாவம், சந்தேகம் வேறு கேட்டுவிட்டார்.

“அத்தான், மணி ஒன்பதே முக்கால். ஏறிடுச்சா?”

“அவசரப்படக் கூடாதும்மா. நிதானமா ஏத்தினாதான் அதுக்கு ஆயுசு.”

“அதுக்கு ஆயுசு சரி, எனக்கு லைசென்ஸ்?”

“நல்ல கேள்வி” என்று சுவிட்சை அணைத்தார்.

சமையலறை ஜன்னல் வழியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மனைவி வெளியே வந்தாள். “ஏங்க! எதிர்வீட்டு வண்டியும் கிளம்பலையாம்!”

நீச்சல் கண்ணாடியோடு பறந்தார். மனைவி சுவிட்சைப் போட்டாள்.

எதிர்வீட்டில் இருந்தது சைக்கிள். அதனாலென்ன? டைனமோவிலிருந்து ஆரம்பித்தார். வீட்டுக்காரர் ஒரு காலைப் பெடலில் வைத்தபடி முக்கால் மணி நேரம் நின்றார். அதற்குள் மனைவி சுவிட்சை அணைத்து, கிளிப்புகளைக் கழற்றி, தங்கையைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு சாவியைத் திருகினாள். கார் ஒரே உறுமலில் கிளம்பிற்று.

மத்தியானம் மச்சினி தேர்ச்சிச் சீட்டோடு வந்து நின்றாள். வைத்தியர் கண்கலங்கினார். “பாத்தியாம்மா? இதுக்குத்தான் நிதானம்கிறது.”

நீங்கள் அப்படியில்லை என்கிறீர்களா? நல்லது. ஆனால் ‘கறுப்புக் கிளிப்பை மைனஸில் மாட்டுவார்களா, என்ஜின் இரும்பில் அல்லவா மாட்ட வேண்டும்’ என்று நடுவில் உங்கள் உதடு துடித்ததே, அதை நான் பார்த்தேன். பக்கத்து வீட்டில் ஏதோ முனகுகிறது. தயவுசெய்து உட்காருங்கள். முதலில் முகத்து நுரையைத் துடையுங்கள்.