பாலித்தீனும் கோத்த அட்டைகளும்

நடக்காத ஒரு காரியத்தைப் பற்றி ஐந்து வருஷம் கணக்குப் போட்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் சின்ன காஞ்சிபுரத்தில், நெசவாளி ஏகாம்பர முதலியார் வீட்டு மாடியில், என்னோடு ஒரே அறையில் குடியிருந்தார். கல்லூரியில் பௌதிகம் நடத்தினார். தெருவுக்கு அவர் பாலித்தீன்.

பாலித்தீனில் மின்சாரம் ஏன் பாய்வதில்லை? இதுதான் அவர் ஆராய்ச்சி.

"ஒயர் மேல இருக்கிற உறையைத் தொட்டா ஷாக் அடிக்காதுன்னு எங்க வீட்டு மருமகளுக்கே தெரியும்பா. இதுக்கு எதுக்கு அஞ்சு வருஷம்?" என்பார் முதலியார்.

"ஏன் அடிக்கலைன்னு தெரியுமா முதலியார்?"

"அடிக்காத வரைக்கும் நான் ஏன்பா கேக்கப்போறேன்?"

பாலித்தீன் சளைக்க மாட்டார். "அது ஒரே கண்ணி திரும்பத் திரும்ப வர்ற சங்கிலி. ஒரு கண்ணியில எலக்ட்ரான் எப்படி இருக்குன்னு தெரிஞ்சா முழுசும் தெரிஞ்சிடும்."

"அட, நம்ம சேலை பார்டர் மயிலு மாதிரி!" என்றார் முதலியார். அன்றிலிருந்து ஆராய்ச்சியில் தமக்கும் பங்கு உண்டு என்று நினைத்துக்கொண்டார்.

கணக்கை அட்டைகளில் துளையிட்டு, மெட்ராஸ் கம்ப்யூட்டருக்கு எடுத்துப் போக வேண்டும். ஒரு தகரப் பெட்டி நிறைய அட்டைகள்; வரிசை கலைந்தால் கணக்கே போச்சு. மழை வந்தால் குடை பெட்டிக்கு, பாலித்தீன் நனைவார். பஸ்ஸில் சீட்டு பெட்டிக்கு, பாலித்தீன் நிற்பார்.

ஒரு திங்கட்கிழமை அந்தக் கம்ப்யூட்டரில் அவருக்குக் கடைசி முறை. அன்று விடை வராவிட்டால் டாக்டர் பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகும். முந்தின நாள் காலையிலேயே வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டார், கம்ப்யூட்டர் பேருக்கு அர்ச்சனை செய்ய. அர்ச்சகர் நட்சத்திரம் கேட்டதும் பாலித்தீன் விழித்தாராம்.

பெட்டியை என் மடித்த வேட்டி மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். நான் வேட்டியை இழுத்தேன். அறை முழுக்க அட்டை. ஓரத்தில் வரிசை எண் இருந்தது. பார்த்தேன். அடுக்கப் பொறுமை இல்லை, கைக்கு வந்தபடி திணித்தேன்.

சத்தம் கேட்டு முதலியார் வந்தார். "இன்னா வாத்தியாரே, அட்டைன்னா நூல்ல கோக்க வாணாமா? எங்க தறியில டிசைன் போடற ஜக்கார்டு அட்டை என்னிக்காவது கலைஞ்சிருக்குதா?" மதியத்துக்குள் அவரும் மனைவியும் மூலைக்கு மூலை துளை போட்டு, பட்டு நூலால் எல்லாவற்றையும் கோத்துவிட்டார்கள். தறியில் செய்வதுபோலவே, கடைசி அட்டையை முதல் அட்டையோடு முடிச்சும் போட்டார்கள். நான் தடுக்கவில்லை. என் குளறுபடி மறைந்தது.

பெட்டியைத் திறந்து பார்க்காமல், விடியற்காலை பஸ்ஸில் பாலித்தீன் போனார். மெட்ராஸில் முதல் அட்டையை எடுக்க, பின்னாலேயே மொத்தமும் மாலையாக எழுந்து வந்ததாம். இயந்திரக்காரர், "சார், இது யார் கழுத்துக்கு?" என்றாராம். மூலையில் துளை விழுந்த அட்டைகளை இயந்திரம் ஏற்கவில்லை; அன்று விடை வரவில்லை.

மாலையில் முதலியார் வாசலிலேயே மடக்கினார். "ஒண்ணாச்சும் கலைஞ்சுதாப்பா?"

"ஒண்ணுகூட இல்லை முதலியார்" என்று கும்பிட்டார் பாலித்தீன்.

விஷயம் தெரிந்ததும், முதலியார் பட்டத்தைக் கெடுத்தார் என்று தெருவே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

சில நாள் கழித்துப் பாலித்தீன் பிளேடால் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஏழுக்கு அடுத்து நாற்பத்தொன்று வந்தது. அதற்கடுத்து மூன்று. கையை நிறுத்தினார். கைக்குக் கிடைத்த வரிசையில்தான் முதலியார் கோப்பார் என்று அவருக்குத் தெரியும். என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்தேன்.

"பெட்டி ரொம்பக் கனமாச்சே சார். கால் மேல விழலையே?" என்றார்.

"எந்தப் பெட்டி?" என்றேன்.

இப்போது சொல்கிறேன் பாலித்தீன், விழுந்தது. இடது கால் கட்டைவிரலில். மழை வந்தால் இன்னும் வலிக்கிறது.