நாலு பிளக்கும் ஒரே நாளிலா?

வண்டி மறுபடியும் இருமிவிட்டு அடங்கியது. ரொட்டி வண்டிக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வீட்டு ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். திரைச்சீலைக்குப் பின்னால் மாமனாரின் வழுக்கைத் தலை தெரிந்து மறைந்தது.

"நெனச்சேன்" என்றார் வண்டிக்காரர்.

அவர் எதையும் நினைத்துவிடக் கூடியவர். பால் பாக்கெட் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் யாரோ குடித்துவிட்டு ஒட்டி வைத்திருக்கிறார்கள் என்பார். மனைவி அவருக்கு சி.ஐ.டி. என்று பெயர் வைத்தாள். தெருவும் அதையே பிடித்துக்கொண்டது.

ஆனால் இந்த முறை சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. போன வாரம் ஒரு நாள், பேக்கரிக்குக் கிளம்பும்போது தற்செயலாக பானெட்டில் கை வைத்தார். பல்லெல்லாம் கிடுகிடுக்கும் குளிர். பானெட் மட்டும் கைக்கு இதமாக இருந்தது. டீசல் முள் வேறு கொஞ்சம் இறங்கின மாதிரி பட்டது. அப்படியென்றால், இடி விழுந்தாலும் கேட்காமல் இவர் தூங்கும் நேரத்தில் யாரோ வண்டியை எடுக்கிறார்கள். மனைவிக்கு ஓட்டத் தெரியாது. மாமனார் ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர்.

அதே வாரம் இன்னொரு தடயமும் கிடைத்தது. மனைவியின் ஹேர் டிரையர் மாமனாரின் கட்டிலுக்கு அடியில் இருந்தது.

"உங்கப்பாவுக்கு எதுக்கு இது?"

"கேட்டார், குடுத்தேன்."

"தலையில நாலு முடி இருந்தாலும் பரவாயில்ல. எதக் காய வெக்கறார்?"

"வயசானவர்ங்க. ஈரத் துண்டு ஏதாவது இருக்கும்."

சி.ஐ.டி.க்கு எல்லாம் விளங்கிவிட்டது. விடியற்காலையில் வண்டி எங்கேயோ போகிறது. கூடவே டிரையரும் போகிறது. ஆக, போகிற இடத்தில் நீளக் கூந்தலோடு யாரோ இருக்கிறார்கள். இந்த வயதில்! அன்றைக்கே வண்டிச் சாவியை வாசல் ஆணியிலிருந்து எடுத்துத் தன் தலையணை உறைக்குள் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை வண்டி கிளம்பவில்லை. சாவி கிடைக்காத ஆத்திரத்தில் மாமனார் எதையோ பிடுங்கிவிட்டிருக்கிறார் என்பதில் அவருக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. அவர் சந்தேகப்படாத ஒரே விஷயம் அவருடைய சந்தேகம்தான்.

தெருவே சேர்ந்து தள்ளி வண்டி கிளம்பியபோது நன்றாக விடிந்துவிட்டது. பேக்கரி முதலாளி வாசலிலேயே நின்றார்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் மேல போன். நோயாளிங்க ரொட்டிக்காகக் காத்துட்டிருக்காங்க. இன்னும் ஒரு தரம் இப்படி ஆச்சுன்னா வேற வண்டி பாத்துக்குவேன். அப்புறம் வருத்தப்படக் கூடாது."

அந்த ரொட்டி லைன் போனால் வீட்டில் அடுப்பு எரியாது. சி.ஐ.டி. நேராக மெக்கானிக்கிடம் போனார்.

மெக்கானிக் பேட்டரியிலிருந்து ஒரு ஒயரை இழுத்து இஞ்சினிலிருந்த பிளக்குகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான்.

"அண்ணே, நாலு ஹீட்டர் பிளக்கும் அவுட்டு. டீசல் வண்டிக்கு இதுதான் உள்ள சூடு காட்டும். இல்லேன்னா குளிர்ல பத்தவே பத்தாது."

"நாலுமா?"

"நாலும்."

"நேத்து வரைக்கும் தொட்ட உடனே பத்திக்கிச்சு. நாலு பிளக்கும் ஒரே நாள்ல எப்படிப் போகும்?"

"அதான் எனக்கும் புரியல" என்று மெக்கானிக் தலையைச் சொறிந்தான். "இந்தக் கண்டிஷன்ல வண்டி நேத்து கிளம்பியிருக்கவே கூடாது."

சி.ஐ.டி. கண்ணை இடுக்கினார். தனக்கே புரியவில்லை என்று சொல்லும் மெக்கானிக்கை அவர் இதுவரை பார்த்ததில்லை. மாமனார் ஒன்றைக் கெடுத்திருக்கலாம். மற்ற மூன்றையும் இவன் சேர்த்துச் சொல்கிறான்.

"ஒண்ணு மட்டும் மாத்து."

"ஒண்ணு மாத்தினா பிரயோஜனம் இல்லண்ணே."

"ஒண்ணு."

ஒன்று மாறியது. பழையதைத் துணியில் சுற்றித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் அங்கிருந்து நகர்ந்தார்.

அடுத்த நாள் வண்டி நாலு காலில் மூன்று நொண்டியது போல உதறியது. வெள்ளைப் புகை தெருவை மூடியது. எதிர்வீட்டு அம்மா கொடியில் காய்ந்த துணிகளை வாரிச் சுருட்டிக்கொண்டு உள்ளே ஓடினார். சாவியைத் திருகித் திருகிக் கடைசியில் பேட்டரியும் படுத்தது. ஆஸ்பத்திரிக்கு ரொட்டி ஆட்டோவில் போனது.

"நாளைக்கு ஒரு நாள்தான். அதோட சரி" என்றார் முதலாளி போனில்.

சி.ஐ.டி. இனி யாரையும் நம்புவதாக இல்லை. ஊரின் மறுகோடியில், தன்னை யாருக்கும் தெரியாத ஒரு கடையில் மூன்று பிளக் வாங்கினார். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்தார். நீளமான ஸ்பேனர் ஒன்றை இரவல் வாங்கினார். இஞ்சினைச் சூடாக்காமல் பிளக்கில் கை வைக்கக் கூடாது என்று மெக்கானிக் சொல்லி அனுப்பியிருந்தான். தானே மாற்றிவிடக் கூடாது என்பதற்காகக் கிளப்பிவிட்ட கதை அது என்று தீர்மானித்து, சில்லென்ற இஞ்சினில் ஸ்பேனரை மாட்டினார்.

மாமனார் படி இறங்கி வந்தார்.

"மாப்ள, அப்படித் திருகாதீங்க, ஒடிஞ்சிடும். சாவியக் குடுங்க. நான் கிளப்பிச் சூடு பண்ணித் தரேன்."

"சாவி! இப்பவும் சாவிதான் வேணும் உங்களுக்கு!" சி.ஐ.டி. ஸ்பேனரோடு நிமிர்ந்தார். "கேட்டுடறேன் மாமா. யாரு அந்தம்மா?"

"எந்தம்மா?"

"டிரையர்காரம்மா. தினம் விடியக்காலையில என் வண்டிய எடுத்துட்டு யாரப் பாக்கப் போறீங்க?"

"நான் எங்கயும் போகலயே மாப்ள."

"அப்ப பானெட் எப்படிச் சூடாச்சு?"

மாமனார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மருமகனின் முகத்தைப் பார்த்தார். திரும்பி உள்ளே போய்விட்டார். அகப்பட்டுக்கொண்டார் என்ற திருப்தியில் சி.ஐ.டி. ஒரு அழுத்து அழுத்தினார்.

டக்.

பிளக்கின் பாதி ஸ்பேனரோடு வந்தது. மீதி இஞ்சினுக்குள்ளேயே நின்றுவிட்டது.

மெக்கானிக் வந்து பார்த்தான். திட்டக்கூட இல்லை. "ஹெட்டு, அதான் இஞ்சினோட மேல்மூடி, அதக் கழட்டணும். வண்டிய இழுத்துட்டுத்தான் போகணும்" என்றான். பேக்கரி முதலாளி, வேறு வண்டி பேசிவிட்டதாகவும் ரொட்டி ட்ரேக்களை மட்டும் திருப்பித் தந்துவிடும்படியும் சொல்லி போனை வைத்தார். சி.ஐ.டி. காலி ட்ரேக்களை ஒவ்வொன்றாக வாசலில் இறக்கினார். வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்குச் சந்தேகப்பட ஆளே கிடைக்கவில்லை.

மெக்கானிக் கயிற்றைக் கட்டிக்கொண்டே முனகினான்: "எப்படிப் பாத்தாலும் கணக்கு இடிக்குது. இது ஒரே நாள்ல போன பிளக்கு இல்லண்ணே. ரொம்ப நாளா ஒண்ணொண்ணா போயிருக்கு. இவ்வளவு நாள் வண்டி எப்படிக் கிளம்புச்சு?"

துணி உலர்த்த வந்த எதிர்வீட்டு அம்மா கொடியை விட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார்.

"உங்க மாமனாருக்கு உடம்பு சரியில்லையா? ரெண்டு மூணு நாளா வண்டிகிட்டயே காணோமே. போன குளிர்லேர்ந்து தினம் விடியறதுக்கு முன்னாடி ஹேர் டிரையர எடுத்துட்டு வந்து, இஞ்சினுக்குச் சூடா காத்தடிச்சு, ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்ச நேரம் ஓட விட்டுட்டுத்தானே போவார்? 'பிளக்கெல்லாம் போயிட்டே வருதும்மா, மாப்ளகிட்ட மட்டும் சொல்லிடாத, நான்தான் கெடுத்தேன்னு சந்தேகப்படுவார்'னு சொல்லிச் சிரிப்பார்."