பின்கதவுக்குப் பின்னால் மாப்பிள்ளை

"…அதெல்லாம் இருக்கட்டும் மாப்பிள்ளை. என் சேர் உள்ள போகுமா?"

ஷோரூமில் நான் முக்கால் மணி நேரம் ஆற்றிய உரையை என் மாமியார் இப்படித்தான் முடித்து வைத்தார். (இன்றைக்கும் வீட்டில் நான் எதையாவது விளக்க வாயைத் திறந்தால், கிரைண்டராகவே இருந்தாலும், இந்தக் கேள்விதான் வருகிறது.)

பெட்ரோல் டர்போ, பேட்டரியும் பெட்ரோலும் சேர்ந்த ஹைபிரிட், முழுக்க கரண்டில் ஓடுவது என்று மூன்று இன்ஜின்களையும் நானே பெற்று வளர்த்தவன் மாதிரி விளக்கியிருந்தேன். அத்தை கேட்டது சக்கர நாற்காலியைப் பற்றி. இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு எட்டு மாதமாக அதில்தான் இருந்தார். எங்கள் பழைய கார் டிக்கியில் கேஸ் சிலிண்டர் குடியிருந்தது (பொருத்தியவன் நான்தான்). சேர் ஏறாது. திருவெறும்பூரிலிருந்து வேன் பிடித்து ஸ்ரீரங்கம் தாயாரைப் பார்க்கப் போகலாமென்றால், "எனக்காக எதுக்குங்க எல்லாருக்கும் சிரமம்?" என்பார். பயிற்சி கொடுக்க வரும் பெண்ணிடமும், "கால் வரலம்மா, விட்டுடு" என்று சொல்லிவிட்டார்.

வேறு கார் வாங்கலாம் என்று மனைவி சொல்லும்போதெல்லாம், "முதுகு நீண்ட எஸ்டேட் கார் வரப்போகுது. ஆக்கப் பொறுத்தவ ஆறப் பொறுக்கக் கூடாதா?" என்பேன்.

"ஆறின கஞ்சி பழங்கஞ்சிங்க" என்பாள்.

அந்த வண்டி பார்வைக்கு வந்த அன்று, கெஞ்சிக் கூத்தாடி அத்தையை வேனில் அழைத்து வந்திருந்தேன். "சாவி பக்கத்துல இருந்தாப் போதும் அத்தை. பம்பருக்கு அடியில காலை ஆட்டினா பின்கதவு திறக்கும். திரும்ப ஆட்டினா மூடும்" என்று சாவியை அவர் மடியில் வைத்தேன்.

சேரை ஏற்றிக் காட்ட வழியில்லை. அதில் அத்தை உட்கார்ந்திருந்தார். ஆகவே அளவு காட்ட, பின்சீட்டை மடித்து நானே ஏறி நீட்டிப் படுத்தேன். "மூடிக் காட்டுங்க தம்பி!"

விற்பனையாளர் பொத்தானை அழுத்தினார். மூடியது. திறக்கத்தான் இல்லை. சாவியோடு அத்தை, என் மனைவியுடன் கலர் அட்டை பார்க்கப் போயிருந்தார். தம்பி காலை ஆட்டினார், கையை ஆட்டினார். "டிரெய்னிங் அடுத்த வாரம்தான் சார்!"

சுற்றிலும் கண்ணாடி, நடுவில் மல்லாந்து நான். தெருவில் போன பெரியவர் ஒருவர் நின்று, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

"ஐயா, சார் உயிரோடதான் இருக்காருங்க!" என்று தம்பி அலறினார்.

சத்தம் கேட்டு அத்தை சேரை உருட்டிக்கொண்டு வந்தார். கண்ணாடி வழியே என்னைப் பார்த்தார். எட்டு மாதத்தில் முதல்முறையாக வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு, 'வரல' என்று சொன்ன அதே வலது காலை மெல்ல நீட்டி, பம்பருக்கு அடியில் ஓர் ஆட்டு ஆட்டினார்.

கதவு திறந்தது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"இந்த வண்டி வரும்போது வரட்டும் மாப்பிள்ளை. வெள்ளிக்கிழமைக்கு அந்த வேனையே வரச் சொல்லுங்க. தாயாரைப் பாத்துட்டு வந்துடுவோம்" என்ற அத்தை, நான் எழுந்திருப்பதற்குள், காலை இன்னொரு தடவை ஆட்டிக் கதவை மூடிவிட்டார்.