ஒரு கோணிக்குள் இரண்டு பேர்

பிள்ளைக்கு எதையாவது கற்றுக்கொடுத்தே தீருவது என்று முடிவெடுத்துவிட்ட அப்பாவை யாராலும் தடுக்க முடியாது. அம்மா என்றால் சொல்லிக்கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். அப்பா முதலில் வீடியோ பார்ப்பார். அப்புறம் திட்டம் போடுவார். அப்புறம் அந்தத் திட்டத்துக்கென்று வெளியூர் போய் ஒரு பொருளைக் கொண்டுவருவார். நான் கொண்டுவந்த பொருள் ஒரு கோணி. (காசு கொடுத்துக்கூட வாங்கவில்லை, ஓசி.)

திண்டிவனத்தில் மோட்டார் பம்பு சாமான் கடை வைத்திருக்கிறேன். என் ஒரே மகள் மெர்சி அப்போது நாலாவது படித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது படிக்கும்போது பள்ளி ஓட்டப்பந்தயத்தில், விசில் ஊதியதும் எல்லாப் பிள்ளைகளும் ஓட, இவள் மட்டும் கோட்டிலேயே குப்புற விழுந்தாள். முழங்கை சிராய்ப்பு நாலு நாளில் ஆறிவிட்டது. மைதானம் மொத்தமும் சிரித்த சிரிப்பு ஆறவில்லை. வகுப்பில் ‘தொப்பு மெர்சி’ என்று பேர் வைத்துவிட்டார்கள். அதிலிருந்து பி.டி. பீரியடு உள்ள நாளெல்லாம் அவளுக்கு வயிற்றுவலி. டாக்டரிடம் காட்டினோம். வயிற்றில் ஒன்றும் இல்லை என்றார். அது எனக்கே தெரியும்.

“ஏன் கண்ணு, கிரவுண்டுக்கே போக மாட்டேங்கிறியாமே? டீச்சர் போன் பண்ணாங்க” என்றேன் ஒரு நாள்.

“விழுந்துட்டா சிரிப்பாங்கப்பா.”

“சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க.”

“உனக்கென்னா. நீயா விழுந்த?”

இதற்குப் பதில் நான் பார்த்த எந்தக் குழந்தை வளர்ப்பு வீடியோவிலும் இல்லை. பேருக்குப் பின்னால் பட்டத்தோடும் கழுத்தில் டையோடும் ஒருத்தர், ‘தோல்வியைக் கொண்டாடக் கற்றுக்கொடுங்கள்’ என்று சொல்லிவிட்டு விளம்பரத்துக்குப் போய்விட்டார்.

அந்த வருஷம் விளையாட்டு விழாவில் புதுசாக ஒன்று வைத்தார்கள். பெற்றோரும் பிள்ளையும் ஒரே சாக்குக்குள் நின்று குதித்துக் குதித்து ஓட வேண்டும். சாக்கு அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். கேட்டதுமே எனக்கு வானத்திலிருந்து யாரோ கை காட்டியதுபோல இருந்தது. மெர்சி சுவரோடு ஒட்டிக்கொண்டு தலையை ஆட்டினாள்.

“அப்பா கூடவே இருக்கேன்ல? ஒன்னா குதிப்போம். விழவே மாட்டோம்.”

“வுட்டுட்டுப் போமாட்டியே?”

“மாட்டேன்.”

“மாதா மேல சத்தியமா?”

“சத்தியமா.” (மாதாவை இதில் இழுத்திருக்கக் கூடாது.)

மறுநாள் விடிந்ததிலிருந்து மொட்டைமாடியில் பயிற்சி. பழைய யூரியா சாக்கு ஒன்றில் அவள் முன்னால், நான் பின்னால். அவள் “குதி” என்று சொன்னால் இரண்டு பேரும் குதிக்க வேண்டும். கீழ்வீட்டுக்காரர் பாத்திரமெல்லாம் அலமாரியிலிருந்து இறங்கி வருகிறது என்று சொல்லி அனுப்பினார். நாலாம் நாள் என் உடம்பைத் தாங்க மாட்டாமல் சாக்கு அடியில் கிழிந்தது.

“இன்னொரு யூரியா சாக்கு வாங்கிக்கலாங்க” என்றாள் என் மனைவி ரோஸி.

“பிளாஸ்டிக்கு வழுக்கும் ரோஸி. சணல் கோணிதான் பிடிமானம். உனக்குத் தெரியாது.”

“ஆமா, எனக்குத் தெரியாது” என்றாள். அந்தக் குரலை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

கடைக்குச் சரக்கெடுக்க விழுப்புரம் போனபோது, அங்கே மொத்த மளிகைக் கடையில் வேலை பார்க்கும் ரோஸியின் தம்பி சகாயத்தைப் பார்த்தேன். எனக்கு அன்று கடுமையான சளி. மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

“மாமா, பெரிய கோணியா எடுத்து வெச்சிருக்கேன். நீங்களும் பாப்பாவும் என்னா, அக்காகூட ஏறிக்கலாம்” என்று மடித்துக் கொடுத்தான். “ஆனா ஒரு தடவ நல்லா அலசிடுங்க மாமா.”

“சரிடா மச்சான், சரிடா” என்றேன். தூசுக்குச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். சணலை நனைத்தால் சுருங்கிவிடும் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. அதனால் அலசப்போவதில்லை என்று அங்கேயே தீர்மானித்துவிட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் கோணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் தும்மினார். முன் சீட்டு அம்மா தும்மினார். அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்து தும்மியது. டிக்கெட் கிழிக்க வந்த கண்டக்டர் என்னருகில் நின்று தும்மிவிட்டு, “இன்னாய்யா இது பேஜாரா போச்சு” என்று பின்னால் போனார். சீசன் சரியில்லை, எல்லோருக்கும் பரவிக்கினு இருக்கு என்று நினைத்து, எச்சரிக்கையாகக் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தால் ரோஸியும் தும்மினாள். பாவம், என் சளி அவளுக்கும் ஒட்டிக்கொண்டது என்று வருத்தப்பட்டேன்.

“அந்தக் கோணிய அலசிப் போடுங்க” என்றாள் அவளும். அசைந்து கொடுப்பேனா? கல்யாணப் பட்டுப்புடவையைப்போலப் பையிலேயே பத்திரப்படுத்தினேன். போட்டி நாளில்தான் பிரிப்பது என்று முடிவு.

அன்று நல்ல வெயில். இந்த ஓட்டத்துக்கென்றே பஜாரில் அரைக்கால் சட்டை ஒன்று வாங்கியிருந்தேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே சூரியனைப் பார்க்காத கால்கள் என்னுடையவை. ரோஸி, “மாதாவே, இந்தக் காலோடவா தெருவுல நடக்கப் போறீங்க?” என்றாள். மெர்சி முழு டிராக்சூட்டும் சாக்ஸும் போட்டிருந்தாள்.

“ப்பா, வயிறு வலிக்குது.”

“எனக்குந்தான் வலிக்குது. வா, ரெண்டு பேரும் சேர்ந்தே வலிச்சிக்கலாம்.”

லேசாகச் சிரித்தாள். கோணியைப் பிரித்து உள்ளே இறங்கினோம். என் மூக்கு இன்னும் அடைத்தேதான் இருந்தது. பி.டி. சார் விசில் ஊதினார்.

“குதி! குதி!” அவள் குரல் முதலில் நடுங்கியது. பிறகு சரியாகிவிட்டது. விழவில்லை. இரண்டு ஜோடிகளைத் தாண்டிவிட்டோம். அப்போதுதான் கணுக்காலில் கதகதவென்று ஒரு சூடு தெரிந்தது. உற்சாகம் என்று நினைத்தேன். உற்சாகம் ஆடுதசைக்கு ஏறியது. வியர்வையோடு சேர்ந்து முட்டிக்கு ஏறியது. முட்டிக்குப் பின்னால் யாரோ கொள்ளிக்கட்டையை வைத்துத் தேய்ப்பதுபோல இருந்தது. கால் தரையில் நிற்க மறுத்ததால் வேகம் தானாகக் கூடியது.

“சூப்பருப்பா! நம்மதான் பர்ஸ்ட்டு!” என்று கத்தினாள் மெர்சி. பின்னால் வந்த ஜோடிகள் வரிசையாகத் தும்மிக்கொண்டிருந்தார்கள்.

அரைக்கால் சட்டை என்பது கீழே திறந்திருக்கும் ஆடை. அந்தச் சூடு அதற்குள்ளும் வழி கண்டுபிடித்தது. இதற்குமேல் விவரிப்பது குடும்பத்துக்கு அழகல்ல.

“ஐயோ எரியுதே! எரியுதே!” என்று அலறிக்கொண்டு கோணியிலிருந்து காலை உருவி, மைதானத்துக்குக் குறுக்கே தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து ஓடினேன். மைக்கில் வர்ணனை செய்துகொண்டிருந்த டீச்சர், “ஒரு அப்பா முன்னாடி போய்க்கிட்டே... அப்பா! அப்பா! கோடு இந்தப் பக்கம்!” என்றார். விசில் ஊதிக்கொண்டே பி.டி. சார் என்னைத் துரத்தினார். சிறப்பு விருந்தினர் எழுந்து நின்று பார்த்தார். ஒரு காலைக் குழாய்க்கடியில் வைத்தால் மறு கால் எரிந்தது. மறு காலை வைத்தால் இந்தக் கால். பள்ளிக்கூடமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ரோஸி தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

எரிச்சல் கொஞ்சம் அடங்கிய பிறகுதான் சுரீரென்றது. மெர்சி! விட்டுவிட்டுப் போகமாட்டேன் என்று சத்தியம் செய்தவன் நடு மைதானத்தில் பிள்ளையை விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அடப்பாவி!

திரும்பிப் பார்த்தேன். அவள் குப்புற விழுந்து கிடந்தாள். எந்தக் காலை முதலில் எடுத்து வைப்பது என்று தெரியாமல் தொட்டியடிச் சேற்றில் நின்றேன். அதற்குள் அவளே எழுந்து உட்கார்ந்தாள். ஒரு தும்மல் போட்டாள். அவ்வளவு பெரிய கோணியை இரண்டு கையாலும் கழுத்துவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். குதித்தாள். மற்றவர்கள் எல்லாம் எப்போதோ முடித்துவிட்டார்கள். கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் மறுபடியும் விழுந்தாள். மறுபடியும் எழுந்தாள். கோட்டைத் தாண்டியதும் கோணியை உதறிவிட்டு நேராக என்னிடம் ஓடிவந்தாள்.

“கண்ணு, அப்பாவை மன்னிச்சிடும்மா...” என்று ஆரம்பித்தேன்.

“ப்பா! நான் விழுந்தேன்பா! ரெண்டு தடவ விழுந்தேன்!”

“பாத்தேம்மா...”

“நீ மட்டுந்தாம்பா பாத்த! வேற ஒருத்தர்கூட பாக்கல! எல்லாரும் உன்னையே பாத்து சிரிச்சிக்கினு இருந்தாங்க!”

அவள் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். உலகத்திலேயே பெரிய ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டவள்போல மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கையைக் கண்ணில் வைத்துவிட்டேன் என்று சமாளித்தேன்.

வீட்டில் ரோஸி என் கால்களுக்கு மோர் ஊற்றினாள். மெர்சியின் கைக்கும் கொஞ்சம் தடவினாள். சகாயத்துக்குப் போன் போட்டேன்.

“காஞ்ச மொளகா மூட்ட மாமா அது. அதான் அலசச் சொன்னேனே?”

“எனக்குத்தான் தெரியாது. உங்களுக்குமா தெரியல?” என்று ரோஸி மோரை நிதானமாக ஊற்றிக்கொண்டே கேட்டாள். இன்றுவரை நான் எதையாவது அடித்துச் சொன்னால், அவள் பதில் பேசுவதில்லை. சமையலறையிலிருந்து ஒரு தும்மல் மட்டும் போடுவாள்.

‘தொப்பு மெர்சி’ அன்றோடு மறைந்துவிட்டாள். அந்தப் பேருக்குப் பதிலாகத் திண்டிவனத்தில் ‘மொளகா அப்பா’ என்று ஒருவன் பிறந்தான். கடைக்கு வால்வு வாங்க வருகிற பையன்கூட என் காலைத்தான் முதலில் பார்க்கிறான். போகட்டும். பி.டி. பீரியடு வயிற்றுவலி திரும்பி வரவே இல்லை.

இப்போது மெர்சி ஒன்பதாவது படிக்கிறாள். நானூறு மீட்டர் ஓடுகிறாள். போன மாதம் விழுப்புரத்தில் மாவட்டப் போட்டி. கோட்டில் போய் நின்றவள் முகம் வெளுத்திருந்தது. ஒரு கை வயிற்றில் இருந்தது. கூட்டத்தில் யாரையோ தேடினாள். என்னைத்தான். எனக்கு வேறு வித்தை எதுவும் தெரியாது. எழுந்து நின்றேன். கால்களைப் பரபரவென்று சொறிந்துகொண்டு, “எரியுதே! எரியுதே!” என்று குதித்தேன். மொத்தக் கூட்டமும் என் பக்கம் திரும்பியது. தூரத்தில் மெர்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு குனிந்து கையைக் கோட்டில் ஊன்றினாள்.

அவள் எத்தனையாவதாக வந்தாள் என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு புண்ணியவான், “உட்காருங்க சார், பதறாதீங்க” என்று என்னை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, தன் பாட்டில் தண்ணீர் முழுவதையும் என் காலில் ஊற்றிக்கொண்டிருந்தார்.