சிவப்புக்கொடி ஓவசியர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் துவக்கு வைத்திருந்தவர்களில் பறவைகளுக்கு மிகக் குறைந்த தீங்கு செய்தவர் எங்கள் ஓவசியர்தான். இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்வேன். நான்கு மாரிகாலம் அவரோடு வல்லை வெளிக்கு வேட்டைக்குப் போனேன். நான்கு மாரியிலுமாக விழுந்தது ஒரேயொரு காட்டுத்தாரா. அதுவும் ஏற்கெனவே சுகமில்லாமல் இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

றோட்டு வேலைகளைக் கவனிக்கிற கந்தோரில் அவர் ஓவசியர், நான் கிளாக்கர். அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. ஆனால் அச்சுவேலிச் சந்தியில் 'சிவப்புக்கொடி' என்றால்தான் ஆளைத் தெரியும். தார் போடும்போது றோட்டில் நடுகிற சிவப்புக்கொடிகளில் பழசாகிக் கழித்த நாலை அவர் வேட்டைக்குக் கொண்டுவருவார். வல்லையில் நீரேரிக் கரையோரம் நிலத்தோடு நிலமாகப் பனையோலையால் ஒரு மறைப்புக் கட்டுவோம். தாராவின் கண்ணில் படாமல் உள்ளே குந்தியிருந்து சுடத்தான் அது. முதுகு ஒடிய நாங்கள் அதைக் கட்டி முடித்ததும் ஓவசியர் அதன் நாலு மூலையிலும் நாலு சிவப்புக்கொடியை நடுவார்.

"ஐயா, தாரா கண்டிடுமெல்லோ?" என்று முதல் நாள் கேட்டேன்.

"தாரா காணட்டும். ஆள் காணாட்டித்தான் பிழை. இது ஆரின்ரை காணி?"

"அரசாங்கத்தின்ரை."

"எல்லாரின்ரையும். அப்ப எல்லாரும் வருவினம். விறகு பொறுக்க வருவினம், ஆடு சாய்ச்சுக்கொண்டு வருவினம், றால் பிடிக்க வருவினம். அவை ஏன் எங்களுக்குச் சொல்லிப்போட்டு வரவேணும்? ஒளிச்சிருக்கிறவன்தான் சொல்லவேணும்."

சொன்னார். ஒவ்வொரு வேட்டைக்கும் முந்தின நாளே சந்தித் தேத்தண்ணிக் கடையில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். மறைப்புக்கு முன்னால் இரண்டு கம்பு நட்டு, அவற்றுக்கு இடையில் வருகிற தாராவை மட்டுமே சுட விட்டார். வல்லைத் தாராக்களோ கம்புக்கு அங்காலேயும் இஞ்சாலேயும்தான் பறந்தன. இவ்வளவும் போதாதென்று ஒவ்வொரு வெடிக்கு முன்பும், "ஆர் வெளியிலை?" என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். கூட வந்த அத்தனை பேரும் பதில் குரல் கொடுத்த பிறகுதான் விசையில் விரல் வைக்கலாம். நாங்கள் பதில் சொல்லி முடிக்கும்போது தாராக்கள் வல்வெட்டித்துறையைத் தாண்டியிருக்கும்.

ஒருநாள் கொடிகளைக் கண்டு பருத்தித்துறை பஸ்ஸே நின்றுவிட்டது. முன்னால் பாலம் உடைந்துவிட்டது என்று நினைத்தாராம் சாரதி. அவரும் ஏழெட்டுப் பயணிகளும் சேற்றில் இறங்கி எங்கள் மறைப்புவரை நடந்து வந்து, "எப்ப றோட்டுத் திறப்பியள்?" என்று கேட்டார்கள். ஓவசியர் துவக்கை மடித்துத் தோட்டாவை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்ட பிறகுதான் வாயைத் திறந்தார்.

"றோட்டு திறந்துதான் கிடக்கு. நீங்கள் கவனமாப் போங்கோ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்கள் போனதும் கேட்டே விட்டேன்.

"என்ன ஐயா இவ்வளவு பயம்? முந்தி ஏதும் நடந்ததோ?"

"ஒண்டும் நடக்கேல்லை."

"அப்ப?"

"நடந்தாப் பிறகு பழகி என்ன பிரியோசனம்?"

எண்பத்து மூன்றாம் ஆண்டுத் தைப்பொங்கலுக்கு என் தங்கையும் மாப்பிள்ளையும் கொழும்பிலிருந்து வந்தார்கள். கலியாணம் முடிந்து வந்த முதல் பொங்கல் அது. மச்சானுக்குத் தாராக் கறி தருகிறேன் என்று நான் வாயை விட்டுவிட்டேன். ஓவசியரோடு போனால் மச்சானுக்குக் கத்தரிக்காய்க் கறிதான். நல்ல காலமாக அந்த ஞாயிறு அவர் சொந்தக்காரர் ஒருவரின் அந்தியேட்டிக் கிரியைக்குக் கீரிமலைக்குப் போவதாக இருந்தது. என் மாமனாரின் துவக்கைத் தூக்கிக்கொண்டு, விடியவே மச்சானையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். கொடியும் இல்லை, கம்பும் இல்லை, கடையில் அறிவிப்பும் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு ஒளித்த பிள்ளைபோல எனக்கு ஒரே சந்தோஷம்.

பனி கொட்டியது. மச்சான் எனக்குப் பின்னால் சாக்கைச் சுருட்டித் தலைக்கு வைத்து, போர்வையால் மூடிக்கொண்டு தூங்கிப்போனார். நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணித்தியாலம் போயிருக்கும். முன்னால் முப்பது அடி தூரத்தில் பற்றை அசைந்தது. சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று தாழ்வாக நகர்ந்தது. நல்ல கொழுத்த தாரா என்று மனம் சொன்னது. திரும்பிப் பார்த்தேன். போர்வை கிடந்தது, மச்சான் நித்திரை. துவக்கைத் தோளில் வைத்தேன். விரல் விசைக்குப் போனது.

அந்த நேரம் என் வாய் கத்தியது: "ஆர் வெளியிலை?"

நான் யோசித்துக் கத்தவில்லை. சொல்லப்போனால் கத்திய கையோடு என்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. நாலு வருஷப் பழக்கம் வந்த தாராவையும் கெடுத்துவிட்டதே என்று பல்லைக் கடித்தேன்.

பற்றைக்குள் இருந்து குரல் வந்தது.

"நான்தான் மச்சான்! சத்தம் போடாதையுங்கோ. அங்காலை ரெண்டு தாரா நிக்குது."

சாம்பல் நிற ஸ்வெற்றரோடு மச்சான் குனிந்தபடி பற்றையிலிருந்து வெளியே வந்தார். ஒதுங்கப் போன மனிதர், என்னைக் குழப்பக்கூடாது என்று சொல்லாமல் போயிருக்கிறார். போர்வைக்குள் வெறும் சாக்குத்தான் இருந்தது. துவக்கிலிருந்து தோட்டாக்களை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டேன். இன்றைக்குத் தாரா வராது, போவம் என்று மட்டும் சொன்னேன். வீட்டு வாசலில் தங்கை சிரித்துக்கொண்டு வந்து, "எத்தினை தாரா அண்ணை?" என்று கேட்டாள். அவளுடைய முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

திங்கட்கிழமை கந்தோரில் ஓவசியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏச்சு விழும் என்று காத்திருந்தேன். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் பேனையை மூடி வைத்தார்.

"மச்சான் இப்ப எங்கை?"

"வீட்டை நிக்கிறார்."

லீவே எடுக்காத மனிதர் அன்றைக்கு அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு என்னோடு வந்தார். மச்சானுக்கு எதிரில் உட்கார்ந்து, கொழும்பில் வெயில் எப்படி என்று கேட்டார். தேத்தண்ணி குடித்து முடியும்வரை அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். எழும்பும்போது மச்சானின் தோளை ஒருமுறை தொட்டார். அவர் போன பிறகு மச்சான், "ஆள் ஒரு மாதிரி, என்ன?" என்றார். நான் ஓம் என்றேன்.

அதே வருஷம் ஆடிக் கலவரத்தில் கொழும்பு எரிந்தது. தங்கையைப் பற்றியும் மச்சானைப் பற்றியும் ஒரு செய்தியும் இல்லை. அகதிகளை ஏற்றிய கப்பல்கள் காங்கேசன்துறைக்கு வரத் தொடங்கின. இரண்டு நாள் நானும் போய் நின்றேன். மூன்றாம் நாள் அம்மா மயங்கி விழுந்துவிட்டா. என்னால் வீட்டை விட்டு அசைய முடியவில்லை. ஓவசியர் போனார். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கப்பல் வந்த நாளெல்லாம் அந்த வயதில் சைக்கிள் மிதித்துப் போய், இறங்குகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். மச்சானின் முகத்தை அவர் ஒரேயொரு தேத்தண்ணி நேரம்தான் பார்த்திருந்தார்.

ஒரு பின்னேரம் எங்கள் வாசல் படலையில் லொறி ஒன்று வந்து நின்றது. முதலில் குதித்தவர் ஓவசியர்.

"தம்பி, ரெண்டு பேரும் வந்திட்டினம். முழுசா வந்திட்டினம்."

யாரோ கொடுத்த உடுப்போடு தங்கையும் மச்சானும் இறங்கினார்கள். அம்மா எழும்பி ஓடிவந்தா. எங்கள் அழுகை கொஞ்சம் அடங்கிய பிறகுதான் பார்த்தேன், ஓவசியர் உள்ளே வரவில்லை. படலையைப் பிடித்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி தோள் குலுங்க நின்றார்.

அதுவரை அவரை 'ஐயா' என்றுதான் கூப்பிட்டு வந்தேன். போய்க் கையைப் பிடித்து, "அண்ணை, உள்ளை வாங்கோ" என்றேன்.