க.உ.அ. கட்டிய கோயில்

‘தெரியாது’ என்று சொல்லக் கற்றுக்கொள்ள எனக்கு நாற்பது வயது ஆயிற்று. அதற்கு முன்பு யார் எதைக் கேட்டாலும் பதில் கைவசம் இருக்கும். துபாயில் என்னிடம் வழி கேட்டவர்களில் சிலர் இன்னும் நடந்துகொண்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

அப்போது ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் சரக்குப் பேப்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் இடம் காலியாக இருந்தது. அது கிடைத்தால் ஃபேமிலி விசா. அறந்தாங்கியில் இருக்கும் மனைவி செல்வியை அழைத்துக்கொள்ளலாம். கொடுக்க வேண்டியவர் புதிதாக வந்த மேனேஜர் சரோ மேடம். தென்னாப்பிரிக்காக்காரர். கரும்பு வெட்டக் கப்பலேறிப்போன தமிழர்களின் ஐந்தாம் தலைமுறை. தமிழில் அவருக்குத் தெரிந்தவை ‘மாரியம்மன்’, ‘ரசம்’ இரண்டும்தான்.

வியாழக்கிழமை மதியம் ஆபீசில் யாராவது ஒருவர் தன் ஊரைப் பற்றிப் பேசுவது வழக்கம். அந்த வாரம் மேடம் பேசினார். டர்பனுக்கு வடக்கே, பாதி ஊர், பாதி கரும்புக்காடு. சர்க்கரை ஆலையின் புகைபோக்கி, சனிக்கிழமைச் சந்தை, ரொட்டியைக் குடைந்து உள்ளே கறிக்குழம்பு ஊற்றித் தரும் கடை என்று திரையில் படங்கள் ஓடின. வெளியூர்க்காரர்கள் தேடி வருவது ஆற்றங்கரை மாரியம்மன் கோயிலையும் அங்கே நடக்கும் தீமிதியையும்தானாம். கடைசிப் படம், அந்தக் கோயில் வாசலில் இருந்த ஒரு கல்வெட்டு.

“தோட்ட முதலாளி கட்டிக் கொடுத்த கோயில் என்பார்கள். இதைப் படிக்க எங்கள் ஊரில் ஆள் இல்லை. இங்கே யாருக்காவது முடியுமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. (விசா கண்ணுக்குத் தெரிந்தால் யாருக்கும் அப்படித்தான்.) கல்லில் ‘தோட்டத்து’ என்று இருந்தது. பிறகு மூன்று எழுத்துகள்: க, உ, அ. அதன் பிறகு ‘பேர் கட்டின கோயில்’.

“க.உ.அ. என்று பேர் உள்ளவர் கட்டியது, மேடம். இனிஷியல். அந்தக் காலத்துப் பெரிய மனிதர்கள் முழுப் பேர் போட மாட்டார்கள்.” அதோடு நிறுத்தியிருக்கலாம். “அநேகமாகக் கந்தசாமி உடையார் அவர்களாக இருக்கும்” என்றேன்.

மேடம் என்னை மறுபடி சொல்லச் சொல்லி, வீடியோ எடுத்து ஊருக்கு அனுப்பினார். அன்றிரவே செல்விக்குப் போன் போட்டு, “பெட்டியக் கட்டு” என்றேன்.

திங்கட்கிழமை மேடம் கவலையாக வந்தார். அவர் ஊரில் கந்தசாமி என்பவரின் வாரிசுகள் ‘எங்கள் கொள்ளுத்தாத்தாதான் க.உ.அ.’ என்று கிளம்பி, தீமிதியில் முதல் மரியாதை கேட்கிறார்களாம். வேறு இரண்டு குடும்பத்தார் ‘க’ தங்கள் கருப்பண்ணன்தான் என்று சண்டைக்கு வந்துவிட்டார்களாம்.

அந்த வியாழக்கிழமை லீவில் இருந்த தவராசா அண்ணை, யாழ்ப்பாணத்துக்காரர், என் பக்கத்து மேசை. அவரிடம் என் போனில் கல்லைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

“தம்பி, உது ஆரின்ர பேரும் இல்லை. தமிழ் இலக்கம். ஒண்டு, ரெண்டு, எட்டு. தோட்டத்து நூற்றியிருபத்தெட்டுப் பேர் கட்டின கோயில்.”

“உறுதியாவா அண்ணே?”

“உமக்கு இது படிப்பிக்கேல்லையோ?”

இரண்டு கப் சுலைமானி டீ குடித்துவிட்டு மேடத்தின் அறைக்குள் போனேன். “உடையார் மாஃபி, மேடம்” என்று, ‘இல்லை’க்கான அரபுச் சொல்தான் வாயில் வந்தது. பிறகு முழுவதையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ, “எத்தனை பேர்?” என்று மட்டும் கேட்டார். சொன்னேன்.

“அப்படியானால் முதலாளி இல்லை. கரும்பு வெட்டியவர்களே கட்டியிருக்கிறார்கள்” என்றார். உடனே ஊருக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பக்கம் ஒரே கூச்சல். கடைசியில் ஒரு பெரியவர், “அப்படியென்றால் நாம எல்லாரும்தானே” என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். முதல் மரியாதைச் சண்டை அத்தோடு கலாஸ்.

சூப்பர்வைசர் பதவி தவராசா அண்ணைக்குப் போயிற்று. நியாயம்தான். செல்வி கட்டிய பெட்டியைப் பிரித்தாள். மறுபடி கட்ட இரண்டு வருடம் ஆயிற்று. வந்தவளிடம் அண்ணை முதல் வேலையாக இந்தக் கதையைச் சொல்லிவிட்டார்.

இப்போது எங்கள் வீட்டில் அது ஒரு சொல்லாகிவிட்டது. போன வாரம் மகள் ஹோம்வொர்க்கில், ஒட்டகம் ஏன் தண்ணீர் இல்லாமல் தாங்குகிறது என்று கேட்டாள். நான் விளக்க ஆரம்பித்து இரண்டு நிமிடம் இருக்கும். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பினாள்.

“மம்மி, டாடி சொல்றது ரியலா, க.உ.அ.வா?”

“எழுதாத. முதல்ல தவராசா பெரியப்பாவுக்குப் போன் போடு” என்றாள் செல்வி.