பிப்ரவரிக்காரர்கள் முதலில் சாகவும்

"ஜனவரி, பிப்ரவரி, மார்ச்ல பிறந்தவங்க எல்லாம் முதல் வெடிக்கே செத்துடணும்!" என்று கேப்டன் ஹாய்ட் அறிவித்ததும் வெர்லின் வரிசையை விட்டு அவரிடம் ஓடினான். அவன் பிறந்தது பிப்ரவரியில்.

"கேப்டன், இந்த ஒரு வருஷம் மட்டும் நான் உயிரோட இருந்துக்கறேனே."

"ஏன், உனக்கு மட்டும் கொம்பு முளைச்சிருக்கா?"

"மேரிபெத்தோட அம்மா பார்க்க வந்திருக்காங்க."

"என் மாமியாரும்தான் வந்திருக்கு. நான் எப்போ சாவேன்னு பார்க்கத்தான் வருஷா வருஷம் வருது. போய் வரிசையில நில்லுடா."

கேப்டனையும் குறை சொல்ல முடியாது. கோல்டர் மேட்டுப் போர்க்களப் பூங்காவில் வருஷத்துக்கு ஒரு சனிக்கிழமை அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் மோதிக்கொண்ட அந்தப் பழைய உள்நாட்டுச் சண்டையை மறுபடி நடத்திக் காட்டுவார்கள். ஒரு வருஷம் சாவதை அவரவர் விருப்பத்துக்கு விட்டுப் பார்த்தார்கள். ஒருவர்கூடச் சாகவில்லை. டென்னஸி வெயிலில் கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டு அத்தனை தூரம் காரோட்டி வந்தவனுக்கு, முதல் வெடிக்கே மண்ணில் படுக்க மனசு வருமா? இரண்டு பக்கமும் சாயங்காலம்வரை சுட்டுக்கொண்டே இருந்தது. பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த பொரித்த கோழியைத் தின்று முடித்துவிட்டு, திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் இந்தப் பிறந்த மாதக் கணக்கு.

மற்ற நாட்களில் வெர்லின் மெத்தைக் கடையில் விற்பனையாளன். இங்கே வருஷா வருஷம் முதல் பிணம். அதைப் பற்றி அவனுக்கு இதுவரை வருத்தமே இருந்ததில்லை. ஆனால் இந்தத் தடவை மேரிபெத் கறாராகச் சொல்லியிருந்தாள்: "அம்மா உன்னைக் களத்துல ஒருதரம் பார்க்கட்டும். அவங்க சரின்னாதான் நமக்குக் கல்யாணம்."

மேரிபெத் இல்லாத ஒரு வாழ்க்கையை அவனால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அவள் அம்மா ஆட்டலைனோ லேசில் யாரையும் மெச்சாத அம்மாள். புகை அடங்குவதற்குள் பொத்தென்று விழுகிறவனுக்கு எந்தத் தாய் பெண் கொடுப்பாள்?

அவன் பக்கத்தில் நின்ற ட்யூயியின் காதைக் கடித்தான்.

"டேய், நீ நவம்பர்தானே? பிறந்தநாளை மாத்திக்கலாமா?"

"தாராளமா! எனக்கு முட்டிவலி. படுத்தே கிடக்கலாம்னா அதைவிட வேற என்ன வேணும்?"

கைகுலுக்கி முடிப்பதற்குள் கேப்டன் மறுபடி கத்தினார். "வடக்கத்திப் பக்கத்துக்கு நாலஞ்சு பேர்தான் வந்திருக்கானுங்க! நவம்பர், டிசம்பர்க்காரங்க எல்லாம் சாம்பல் கோட்டைக் கழட்டிட்டு நீலத்தை மாட்டுங்க!"

இப்போது வெர்லின்தான் நவம்பர். ஆட்டலைன் வீட்டுக் கூடத்தில், தெற்குப் படையின் சாம்பல் கோட்டுப் போட்ட கொள்ளுத்தாத்தா படமாக முறைத்துக்கொண்டு தொங்குவதை அவன் பார்த்திருக்கிறான். அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போகிறவன் வடக்கத்தியானாக நிற்பதா?

வேறு வழி தெரியாமல் பீரங்கி வாயிலிருந்த கரியை வழித்து முகமெல்லாம் பூசிக்கொண்டான். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. அப்புறம்தான் உறைத்தது: அடையாளமே தெரியாவிட்டால், உயிரோடு இருந்து என்ன பிரயோஜனம்?

அதற்குள் முதல் வெடி வெடித்தது. ட்யூயி ஓக் மரத்து நிழலாகப் பார்த்துச் சௌகரியமாகச் சரிந்தான். வடக்குப் படை மேட்டில் பாதி ஏற வேண்டும், அடிபட்டுத் திரும்பி ஓட வேண்டும். இந்த மேட்டில் தோற்றது வடக்குத்தான். வெர்லினும் ஏறினான். பாதி மேட்டில் நிமிர்ந்தால், முதல் வரிசையில் ஆட்டலைன் தூரக்கண்ணாடியோடு எழுந்து நின்று ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

'இதுக்குச் செத்தே போயிடலாம்' என்று முடிவு செய்து, மாதக் கணக்கை மறந்து குப்புற விழுந்தான்.

விழுந்த இடம் சிவப்பெறும்புப் புற்று.

பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தான். எறும்புகள் பூட்ஸ் வழியாகக் கால்சட்டைக்குள் ஏறின. முட்டிவரை தாங்கினான். அதற்கு மேலே ஏறியபோது பிணம் "ஐயோ!" என்று அலறிக்கொண்டு துள்ளி எழுந்தது. தண்ணீர் இருப்பது மேட்டுக்கு அந்தப் பக்கம், சாம்பல் படைக்குப் பின்னால். அதைப் பார்த்து ஓடினான்.

"புதுத் திட்டம் போலிருக்குடா, விடாதீங்க!" என்று நீலக் கோட்டுக்காரர்கள் அத்தனை பேரும் அவன் பின்னாலேயே பாய்ந்தார்கள்.

வடக்கத்தியான் இவ்வளவு கிட்டத்தில் வந்தால் என்ன செய்வது என்று சாம்பல் படைக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

"இப்போ யாருடா சாகணும்? ஜூனா, ஜூலையா?"

"எனக்கென்ன தெரியும்? எதுக்கும் படுத்துடு!"

படை மொத்தமும் படுத்துவிட்டது. "எழுந்திருங்கடா!" என்று கத்திக்கொண்டே வந்த கேப்டன் ஹாய்ட்டும் ஒரு பிணத்தில் தடுக்கி விழுந்தார். பார்வையாளர் பக்கம் ஒரு கிழவி மட்டும் எழுந்து நின்று கை தட்டியது.

ஒலிபெருக்கிக்காரர் கையிலிருந்த தாளை இரண்டு தரம் புரட்டிப் பார்த்தார். "பெரியோர்களே... கோல்டர் மேட்டுல வடக்கு ஜெயிச்சிருச்சு. மன்னிக்கணும், எனக்கும் ஒண்ணும் விளங்கலை."

வெர்லின் ஓடையில் இடுப்பளவு தண்ணீரில் நின்றான். கால்சட்டை தனியாக மிதந்து போய்க்கொண்டிருந்தது. முகத்துக் கரியும் கரைந்துவிட்டது. கரையில் குடையோடு ஆட்டலைன். அவளுக்குப் பின்னால் மேரிபெத், இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு.

"மேடம், நான் வடக்கத்தி ஆள் இல்லை. கோட்டு மட்டும்தான் அவங்களோடது."

"கோட்டைப் பத்தி இப்போ யார் கேட்டா?"

"உண்மையைச் சொல்லிடறேன். நான் வழக்கமா முதல் வெடிக்கே விழறவன். உங்க கண்ணுக்குக் கோழையாத் தெரிஞ்சுடக் கூடாதேன்னுதான் கடைசிவரைக்கும் உயிரோட நிக்கப் பார்த்தேன். மேரிபெத்துன்னா எனக்கு உசிரு மேடம்."

ஆட்டலைன் நிதானமாகக் குடையை மடக்கினாள்.

"தம்பி, நான் கட்டின மூணு பேருமே ஓடிப்போனவங்க. 'இவன் அப்படி இல்லம்மா, இடியே விழுந்தாலும் கிடந்த இடத்தை விட்டு அசைய மாட்டான்'னு என் பொண்ணு சத்தியம் பண்ணா; அதைக் கண்ணால பார்த்துட்டு, தேதி குறிச்சுட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."